கவர்னர் ஸ்பிரிங் மாற்றினால் வண்டி இழுக்குமா?

மரவள்ளி பிடுங்கும் மாதங்களில் வடக்கனந்தலில் ஒரு பிக்அப் வண்டி சும்மா நிற்பது அபூர்வம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாகப் போய், கல்வராயன் மலையில் ஏறும்போது உரமூட்டை, சிமெண்டு, இரும்புக்கம்பி. இறங்கும்போது குச்சிக்கிழங்கு. கிழங்குக்கு ஒரு குணம் உண்டு. பிடுங்கிய இரண்டு, மூன்று நாளில் உள்ளே நீலமாகக் கோடு ஓட ஆரம்பித்துவிடும். சேகோ ஆலையில் மாவுச்சத்துக்குப் பாயிண்ட் போட்டுத்தான் விலை. நின்ற ஒவ்வொரு நாளும் பாயிண்ட் இறங்கும். அதனால், 'வண்டி இழுக்க மாட்டேங்குது' என்று ஒருவர் சொன்னால் அதைப் பொழுதுபோக்குப் பேச்சாக எடுத்துக்கொள்ள முடியாது. கிழங்குப் பணம் அந்த வண்டியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

சில வருடங்களாக இந்தக் குறைக்கு ஒரு மருந்து சொல்லப்படுகிறது. 'கவர்னர் ஸ்பிரிங்கை மாத்து, வண்டி பறக்கும்.' செல்போன் வீடியோவில் அமெரிக்கக்காரர் ஒருவர் பம்பின் மூடியைக் கழற்றி, விரல் நீளம்கூட இல்லாத ஸ்பிரிங்குகளை மாற்றி, வண்டியை உறுமவிட்டுக் காட்டுகிறார். பார்த்தவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், சிலிண்டரைத் தொட வேண்டாம், ஒரு மதியத்தில் முடிகிற வேலை. ஆனால் அந்த வீடியோவில் இருக்கும் வண்டி எது, அது எதற்காக அப்படிச் செய்யப்படுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

முதலில் கவர்னர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பெட்ரோல் இன்ஜினில் பெடலை மிதித்தால் காற்று வழி திறக்கிறது. பழைய டீசல் இன்ஜினில் காற்று எப்போதும் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும். டீசலின் அளவுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். ஆளில்லாமல் விட்டால் டீசல் இன்ஜினுக்குத் தன் அளவு தெரியாது. சுமை குறைந்ததும் வேகம் கூடிக்கொண்டே போய், கடைசியில் தன்னையே உடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் டீசல் பம்பின் பின்புறம் ஒரு சிறு பெட்டிக்குள் கவர்னரை வைத்தார்கள். பம்பு சுழலும்போது அதனுடன் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். வேகம் கூடக்கூட, ராட்டினத்தில் உட்கார்ந்தவர் வெளியே தள்ளப்படுவதுபோல அவை விரியும். விரியும் குண்டுகள் டீசலைக் குறைக்கும் பக்கம் தள்ளும். ஸ்பிரிங் டீசலைக் கூட்டும் பக்கம் இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் இன்ஜின் நிலைக்கிறது. ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால், குண்டுகள் அதை வெல்வதற்கு இன்னும் கூடுதல் வேகம் வேண்டும். ஆகவே டீசல் வெட்டப்படும் இடம் மேலே நகர்கிறது. கவர்னர் ஸ்பிரிங் மாற்றுவதால் நடப்பது இவ்வளவுதான்.

இந்தச் சுழல் குண்டு ஏற்பாடு புதிதல்ல. காற்றாலை மாவு அரைக்கும் ஆலைகளில் இருந்த உத்தியை ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி இன்ஜினுக்குக் கொண்டுவந்தார். டீசல் பம்பை ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1927-ல் பெருமளவில் செய்யத் தொடங்கியபோது அதே தத்துவம் சின்னதாகிப் பம்புக்குள் போனது. நம் ஊர் மெக்கானிக்குகள் இன்றும் 'மைக்கோ பம்பு' என்று சொல்வது பெங்களூரில் 1951-ல் தொடங்கப்பட்ட மைக்கோ கம்பெனியின் பெயரால்தான். 2008-ல் அந்தக் கம்பெனியே பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. பட்டறையில் பெயர் மாறவில்லை.

வடக்கனந்தலில் ஒரு குடும்பம். மூன்று ஏக்கர், அதில் பாதிக்குமேல் மரவள்ளி. மகன் ஐ.டி.ஐ. வரை படித்துவிட்டு, பழைய பிக்அப் ஒன்றைக் கைமாற்றி வாங்கி ஓட்டுகிறான். மெக்கானிக்கல் பம்பு உள்ள பழைய மாடல். வாங்கியபோது நன்றாக இருந்த வண்டி, இரண்டாவது பருவத்தில் மலைமேல் சிமெண்டு ஏற்றிப்போகும்போது முக்க ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் ஏறிய வளைவில் இரண்டு போட வேண்டியிருந்தது. இரண்டில் கொஞ்சம் ஓடியதும் இன்ஜின் 'இதுக்கு மேல முடியாது' என்று நின்றுவிடும். நாளுக்கு இரண்டு நடை ஒன்றரையானது.

"அண்ணே, ஏதாவது பண்ணுங்க. கிழங்கு மேலயே கெடக்குது" என்று கள்ளக்குறிச்சிப் பக்கத்து மெக்கானிக் ஒருவரிடம் போய் நின்றான். அவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்.

"கவர்னர் வெட்டுது தம்பி. விறைப்பான ஸ்பிரிங் ஒண்ணு இருக்கு. போட்டுட்டா ரெண்டுலயே மலை ஏறிரலாம்."

பம்பில் இருந்த ஈய சீலை வெட்டி, மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கை மாற்றி, அதிகபட்ச வேகத் திருகையும் இரண்டு சுற்று தளர்த்திவிட்டார். மாலைக்குள் முடிந்தது. முதல் நடையிலேயே வித்தியாசம் தெரிந்தது. இரண்டாவது கியரில் முன்பு நின்ற இடத்தைத் தாண்டி வண்டி கத்திக்கொண்டே ஏறியது. பையனுக்கு மகிழ்ச்சி. டீசல் கூடக் குடித்ததையும், பின்னால் கரும்புகை சாலையை மறைத்ததையும் அவன் கணக்கில் சேர்க்கவில்லை. அப்பா மட்டும், "டேய், சத்தம் முன்ன மாதிரி இல்லடா" என்றார்.

அந்தச் சத்தத்தில்தான் விஷயம் இருந்தது. ஒரு கணக்கு பார்க்கலாம். கம்பெனி 3,200 சுற்றில் கட்டிவைத்த இன்ஜினை 3,800 வரை ஓடவிட்டால், வேகம் கூடுவது நூற்றுக்கு 19. ஆனால் கனெக்டிங் ராடையும் அதன் போல்ட்டுகளையும் பிய்த்து இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும்; நூற்றுக்கு 41 அதிகமாகும். வால்வுக்கும் இதே கதி. வால்வைத் திறப்பது கேம், மூடுவது வால்வு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் கம்பெனி சொன்ன வேகத்துக்குத்தான் தோது. அதைத் தாண்டினால் வால்வு கேமோடு ஒட்டி இறங்காமல் அந்தரத்தில் மிதக்கும். டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் இருக்கும் இடைவெளி மிகக் கொஞ்சம். மிதக்கும் வால்வில் பிஸ்டன் தட்டினால் புஷ் ராடு வளையும், இல்லையென்றால் வால்வு வளையும்.

இவ்வளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டாலும் இழுவையாவது கூடுகிறதா? அதுவும் பெரிதாக இல்லை. 3,200 சுற்றில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர எடுத்துக்கொள்ளும் நேரம் வினாடியில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதற்குள் டீசல் பீய்ச்சப்பட்டு, காற்றோடு கலந்து, எரிந்து முடிய வேண்டும். வேகத்தைக் கூட்டினால் இந்த நேரம் இன்னும் குறைகிறது. எரியாத டீசல் புகையாகப் போகிறது. சக்கரத்தைத் திருப்பும் விசை மேல் சுற்றில் இறங்கத்தான் செய்யும். விறைப்பான ஸ்பிரிங் தருவது, கியர் மாற்றாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும் வசதி. இழுவை என்பது வேறு.

மலையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சின்னக் கல்வராயன் பகுதி சுமார் 2,700 அடி உயரம். அங்கே காற்று சமவெளியைவிட ஏறக்குறைய நூற்றுக்கு எட்டு பங்கு மெலிந்திருக்கும். பெரிய கல்வராயன் பக்கம் இன்னும் மெல்லிசு. டர்போ இல்லாத இன்ஜின் மேலே போனதும் கொஞ்சம் சோர்வது இயற்கை. எந்த ஸ்பிரிங்கும் காற்றைக் கொண்டுவந்து தராது.

அந்த அமெரிக்க வீடியோவுக்கு வருவோம். 1989 முதல் அங்கே டாட்ஜ் பிக்அப்களில் கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் இன்ஜின் வந்தது. 1994 முதல் 1998 வரையிலான மாடல்களில் பி-7100 என்ற பெரிய இன்லைன் பம்பு. அந்த இன்ஜின் மெதுவாக ஓடி நிறைய இழுக்கும் ரகம். 2,500 சுற்றைத் தாண்டும்போதே கவர்னர் டீசலைக் குறைக்க ஆரம்பித்துவிடும். அதை 3,000-க்கும் 4,000-க்கும் உயர்த்த ஸ்பிரிங் செட்டுகள் விற்கிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் பந்தயக்காரர்கள். நம் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம்போல, அங்கே பாரச் சட்டத்தை மண்ணில் இழுத்துச் செல்லும் போட்டி உண்டு. அதற்காகச் செய்கிறவர்கள் கவர்னர் ஸ்பிரிங்கோடு வால்வு ஸ்பிரிங்கையும் கனமானதாக மாற்றுகிறார்கள். பலர் புஷ் ராடையும் மாற்றுகிறார்கள். வீடியோவில் ஐந்து நிமிடத்தில் ஓடிப்போவது அந்த வேலையின் ஒரு துண்டு. இன்ஜின் போனால் அவர்களுக்குப் போவது ஒரு பந்தயம். இங்கே ஒரு பருவம்.

வடக்கனந்தல் பையனின் வண்டிக்கு என்ன ஆனது? ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை, இறங்கும்போது ஆனது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மலையில் வண்டி ஓட்டும் பலருக்கும் கவர்னர் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கவர்னர் டீசலை நிறுத்தும். அவ்வளவுதான் அதன் அதிகாரம். இறக்கத்தில் இரண்டு டன் கிழங்கு பின்னாலிருந்து தள்ளும்போது இன்ஜினைச் சுற்றுவது டீசல் அல்ல, சக்கரம். கவர்னர் ஒரு சொட்டு டீசலும் விடாமல் பிடித்தாலும், சக்கரம் சுற்றினால் இன்ஜின் சுற்றித்தான் ஆக வேண்டும். அங்கே காவல் ஓட்டுநரின் காதும் காலும்தான்.

பழைய ஸ்பிரிங் இருந்தபோது அந்தக் காது பழகியிருந்தது. இந்தச் சத்தத்துக்கு மேல் போகக்கூடாது, பிரேக்கைத் தொட வேண்டும் என்று ஏற்றத்தில் இன்ஜினே தினமும் சொல்லிக்கொடுத்தது. ஸ்பிரிங் மாறிய மூன்று வாரத்தில் காது புதிய சத்தத்துக்குப் பழகிவிட்டது. ஒருநாள் இருட்டுகிற நேரம், முழு லோடு, இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கத்தல் அதிகமாகவே தோன்றவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு வண்டி நான்கு காலில் ஒன்று நொண்டும் மாடுபோல நடந்தது. ஒரு சிலிண்டரின் புஷ் ராடு வளைந்துபோயிருந்தது.

இன்ஜின் நிற்காமல் மூன்று சிலிண்டரில் ஓடியது அவனுடைய நல்ல காலம். டீசல் பிக்அப்பில் பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்குவம் பம்பு இன்ஜின் சுழற்சியில்தான் ஓடுகிறது. பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். இன்ஜின் நின்றால் ஓரிரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். இரண்டு டன் சுமையோடு அந்த வளைவில் கல்லான பெடலை மிதித்துப் பார்க்கும் நிலை அவனுக்கு வரவில்லை. முதல் கியருக்கு மாற்றி, ஊர்ந்து, அணைப் பக்கம் வந்து சேர்ந்தான். கிழங்கு இரண்டு நாள் வண்டியிலேயே கிடந்தது. வேறு வண்டி பிடித்து, சின்னசேலம் வழியாக ஆத்தூர் பக்கத்து ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாயிண்ட் இறங்கியிருந்தது. ஹெட் பிரிக்கும் செலவுக்கு அம்மாவின் கம்மல் கூட்டுறவு சங்கத்துக்குப் போனது.

இதற்குப் பிறகுதான் வண்டி முறையான பம்பு கடைக்குப் போனது. முறையான கடை என்றால், பம்பை இன்ஜினில் இருந்து கழற்றி, பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்று கண்ணாடிக் குழாயில் பிடித்து அளக்கும் கடை. அங்கிருந்த வயதானவர் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் பையனை வண்டியில் உட்காரவைத்துப் பெடலை முழுசாக மிதிக்கச் சொன்னார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பம்பின் லீவர் அதிகபட்சத் திருகைத் தொடவே இல்லை. விரற்கடை இடைவெளி இருந்தது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் நீண்டுபோயிருந்தது. போதாததற்குப் பெடலுக்கு அடியில் ரப்பர் பாய் மடிந்து கிடந்தது.

"அய்யா, உங்க பையன் இத்தனை நாளும் முக்கால் பெடல்லதான் ஓட்டியிருக்கான்" என்றார் அப்பாவிடம்.

அடுத்து டீசல் ஃபில்டர். அது எப்போது மாற்றியது என்று யாருக்கும் நினைவில்லை. ஃபீடு பம்பின் சின்ன வலையில் கேன் டீசலோடு வந்த தூசி அடைத்திருந்தது. ஏர் ஃபில்டரில் மலைச் செம்மண். நாசில் நான்கில் ஒன்று பீய்ச்சாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. இவற்றையெல்லாம் சரிசெய்து, பழைய அளவு ஸ்பிரிங்கையே போட்டு, பெஞ்சில் அளந்து, ஈய சீல் வைத்துக் கொடுத்தார். அந்த வண்டி இப்போது சிமெண்டோடு மூன்றாவது கியரில் பழைய வளைவில் ஏறுகிறது. முதலிலேயே பார்த்திருந்தால் ஃபில்டரும் கேபிளும் ஒரு நாள் கிழங்குக் கூலியில் முடிந்திருக்கும்.

அப்படியானால் கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றவே கூடாதா என்றால், மாற்ற வேண்டிய நேரம் உண்டு. பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய பம்பில் ஸ்பிரிங் களைத்துப்போகும். அதன் கொக்கி மாட்டும் இடமும் பின்னும் தேயும். அப்போது சும்மா நிற்கும் வண்டியில் இன்ஜின் சத்தம் ஊஞ்சல்போல ஏறி இறங்கும். சுமையில் உரிய சுற்று வருவதற்கு முன்பே டீசல் வெட்டும். கேபிள், ஃபில்டர், காற்றுக் கசிவு எதுவும் காரணமில்லை என்று உறுதியான பிறகு, பம்பின் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணுக்கு உரிய ஸ்பிரிங்கையே வாங்கிப் போட வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் ஸ்பிரிங்கில் கம்பியின் தடிமன் மயிரிழை மாறினாலும் விறைப்பு வெகுவாக மாறிவிடும். கையால் அழுத்திப் பார்த்துச் சொல்லும் வித்தை யாருக்கும் கிடையாது.

வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பம்பைச் சுற்றி டீசல் ஊற்றிப் பிரஷ்ஷால் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். ஒரு மணல் உள்ளே போனாலும் எலிமென்ட் கீறும். பம்பு ரகத்தைப் பொறுத்து உள்ளே இருப்பது மாறும். பல இன்லைன் பம்புகளிலும் ரோட்டரி பம்புகளிலும் ஒரே ஒரு முக்கிய ஸ்பிரிங் நெம்புகோல்களுக்கு நடுவே கொக்கி போட்டு மாட்டியிருக்கும். வேறு சில பம்புகளில் ஒவ்வொரு குண்டுக்குள்ளும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சில ஸ்பிரிங்குகள், நடுவே மெல்லிய வாஷர்கள், மேலே ஒரு மரை. இந்த இரண்டாவது ரகத்தில் இன்ஜினைக் கையால் சுற்றி, ஒரு குண்டு மேலே வந்ததும் மரை எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி எழுதிக்கொண்டு, அதே எண்ணிக்கையில் திரும்ப இறுக்க வேண்டும். இரண்டு குண்டுக்கும் ஒரே அளவு. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் கவர்னர் உதறும். கழற்றும்போது ஒரு வாஷர் தவறி உள்ளே விழுந்தால், 'பரவாயில்லை, அடியில கெடக்கும்' என்று மூடியைப் போட விடக்கூடாது. அது சுழலும் இடத்தில் மாட்டி, டீசலைக் கூட்டிக் குறைக்கும் ராக்கை முழு டீசலில் பிடித்துக்கொண்டால் இன்ஜினை நிறுத்த ஆளில்லை.

முடிந்த பிறகு பெஞ்சில் மூன்று அளவு கேட்டு எழுதி வாங்க வேண்டும். முழுச் சுமையில் போகும் டீசல் அளவு, டீசல் குறையத் தொடங்கும் சுற்று, சுமையில்லாமல் முழுப் பெடலில் வரும் அதிகபட்ச சுற்று. மூன்றும் அந்தப் பம்புக்கு உரிய அட்டவணையோடு பொருந்த வேண்டும். பெஞ்ச் இல்லாத கடையில் கவர்னர் மூடியைத் திறக்கவே வேண்டாம். ஈய சீல் என்பது அலங்காரத்துக்கு வைத்ததல்ல; அது வெட்டப்பட்டிருந்தால், பழைய வண்டி வாங்கும்போதே விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது வேறு வண்டி பார்க்கலாம்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடலாம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. சரக்கு வண்டிகளுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இந்த கவர்னர் அல்ல; அது தனி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'எங்க வண்டியில கவர்னர் வச்சிட்டாங்க, அதான் இழுக்கல' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். காமன் ரெயில் இன்ஜின் உள்ள வண்டிகளிலும், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளிலும் இந்த ஸ்பிரிங்கே கிடையாது. வேகத்தைக் கணினிப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. அவற்றுக்கு ஸ்பிரிங் விற்க வருபவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

பிக்அப் இல்லாதவர்கள் தங்களுக்கு இது வேண்டாத பேச்சு என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில், கரும்பு டிரெய்லர் இழுக்கும் டிராக்டர்களில் இதே வேலை நடக்கிறது. அதிகபட்சத் திருகைத் தளர்த்தி ரோட்டில் வேகம் காட்டுகிறார்கள். டிராக்டர் இன்ஜின் பெரும்பாலும் 2,000, 2,200 சுற்றுக்குக் கட்டியது. அதைக் கூட்டினால் பி.டி.ஓ. தண்டும் கூடச் சுற்றும். ரோட்டவேட்டரும் கதிரடிக்கும் இயந்திரமும் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்தவை. வரப்போரம் ஆள் நிற்கும்போது ஒரு கத்தி கழன்று பறந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பின்னால் உள்ள டிரெய்லருக்குப் பெரும்பாலும் பிரேக்கும் இல்லை.

ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைப்பவர்களுக்கு இது தாத்தா காலத்துப் பழக்கம். நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் லிஸ்டர் மாதிரி இன்ஜினாகட்டும், 1,500 சுற்று ஓடும் கிர்லோஸ்கர் இன்ஜினாகட்டும், கோடையில் தண்ணீர் போதவில்லை என்றால் கவர்னர் ஸ்பிரிங்கை ஒரு கண் இறுக்கிவிடுவார்கள். தண்ணீர் கூடத்தான் செய்யும். வேகம் பத்து பங்கு கூடினால் தண்ணீரும் பத்து பங்கு. ஆனால் பம்பு கேட்கும் குதிரைத்திறன் 33 பங்கு கூடும், டீசலும் அதன் பின்னாலேயே போகும். கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருந்தால் கூடுதல் வேகம் காற்றைத்தான் உறிஞ்சும். பெரிய பிளைவீல் உள்ள இன்ஜினில் வேறொரு பயமும் உண்டு. வார்ப்பிரும்புச் சக்கரத்தைப் பிளக்கும் விசையும் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதுதான். பழைய சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அது காத்திருக்காது.

எந்த டீசல் இன்ஜினாக இருந்தாலும், பெடலை விட்ட பிறகும் சத்தம் ஏறிக்கொண்டே போனால், சாவியைத் திருப்பியும் ஸ்டாப் கேபிளை இழுத்தும் நிற்காவிட்டால், செய்ய வேண்டியதை வீட்டில் வண்டி தொடும் எல்லோரும் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அப்போது கிடைப்பது சில நொடிகள்தான். வண்டி என்றால் பதறிப்போய் கியரை நியூட்ரலுக்குத் தள்ளக்கூடாது. சுமை விட்டால் இன்ஜின் இன்னும் எகிறும். மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுசாக அழுத்தி, கிளட்ச்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்த வேண்டும். நின்ற இடத்தில் ஓடும் ஆயில் இன்ஜின் என்றால் காற்று உறிஞ்சும் வாயைப் பலகையால் அல்லது நன்றாக மடித்த ஈரச் சாக்கால் இறுக்கி மூட வேண்டும். வெறுங்கையை வைக்கவே கூடாது. பிளைவீலுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் இருந்து போக வேண்டும். மூடும் பலகை இன்ஜின் கொட்டகையிலேயே, கை எட்டும் ஆணியில் தொங்கட்டும்.